பத்து மெஷினும் ஒரு கையெழுத்தும்

முப்பத்தொரு வருடத்தில் பதினான்கு மருத்துவமனைகளைச் சேர்த்த அந்தக் கம்பெனித் தலைவருக்கு ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘இலவசம்’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை, செலவில்லாமல் கிடைத்த விளம்பரம் என்று விட்டுவிட்டார்.

அவர் முன்னுக்கு வந்த வழி சிக்கலானதல்ல. விற்பனைப் பிரதிநிதியாக அலைந்த காலத்தில், சின்ன மருத்துவமனைகளுக்கு டயாலிசிஸ் மெஷினை ஓசியாகவே இறக்கிக் கொடுத்துவிடுவார். நோயாளியின் ரத்தம் போய்வரும் குழாய் செட்டை மட்டும் அவரிடமே வாங்க வேண்டும். வேறு செட்டை மாட்டினால் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சண்டித்தனம் செய்யும். ஓர் ஆளுக்கு வாரம் மூன்று செட். புழு ஓசி, மீன்தான் விலை. செட் வாங்கியே களைத்த மருத்துவமனைகள் சில வருடத்தில் தாமாகவே வந்து கட்டடத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயின.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவருக்குத் தர்மம் செய்யும் ஆசை வந்தது. உண்மையான ஆசைதான். முந்தின வருடம் இறந்துபோன மனைவி கடைசி இரண்டு வருடம் அப்படியொரு மெஷினோடுதான் இருந்தாள். “காசில்லாதவங்க இதுக்கு என்னங்க பண்ணுவாங்க?” என்று ஒருநாள் கேட்டாள். அவர் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பொது மருத்துவமனைக்குப் பத்து மெஷின், வாசல் கதவில் அவள் பெயர் என்று முடிவு செய்தார். அங்கிருந்த பெரிய டாக்டர் உடனே தலையாட்டினார். ஆனால் பொருளைப் பொறுப்பேற்க வேண்டியவர் டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸ். அந்த அம்மாள் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. என்னவென்று பார்க்க அவரே நேரில் போனார்.

வார்டு வாசலில் எடை பார்க்கும் மெஷின். நோயாளி உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. நாலு பழைய மெஷின்களை வைத்துக்கொண்டு இருபத்தாறு பேரை உயிரோடு வைத்திருந்தார் நர்ஸ்.

“பத்திரத்தைப் படிச்சீங்களா சிஸ்டர்?”

“ரெண்டு தடவை படிச்சேன் சார். குழாய் செட்டு ஒரு வருஷம் ஃப்ரீன்னு இருக்கு. அப்புறம்?”

“அப்புறம் ஆஸ்பத்திரி வாங்கிக்கும்.”

“எங்க ஆஸ்பத்திரியா? பஞ்சு வாங்கவே மூணு கடுதாசி எழுதறேன்.”

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க.”

“பல்லை யாரு பாத்தா? தீவனத்தைத்தான் பாக்கறேன். எங்க நாலு கிழடும் எதைப் போட்டாலும் திங்கும். உங்களுது உங்க கடைத் தீவனம் மட்டுந்தான் திங்கும். இடம் வேணும்னு இந்த நாலையும் தூக்கச் சொல்லி வேற எழுதியிருக்கு. அடுத்த வருஷம் பழசும் இருக்காது, புதுசும் ஓடாது. இருபத்தாறு பேர்ல யார் யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு நீங்களே லிஸ்ட் போட்டுக் குடுங்க. அடியில கையெழுத்துப் போடறேன்.”

அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். ஏழாவது பத்தி அவரே எழுதியது. இருபத்தெட்டு வயதில், ஒரு பஸ் பயணத்தில். ‘வாங்குபவர்’ என்றிருந்த இடத்தில் ‘பெறுபவர்’ என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சும்மா கொடுப்பதற்குக் கம்பெனியில் இருந்தது அந்த ஒரே பத்திரம். அவரும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்து அவர் இடத்துக்கு வரப்போகிறவர் மருமகன். நேரே மருமகனின் அறைக்குப் போனார்.

“மாப்ள, அந்தப் பத்து மெஷின்லயும் பூட்டை எடுத்துடச் சொல்லுங்க. எந்த செட்டைப் போட்டாலும் ஓடணும்.”

“முடியாது மாமா.”

“எஞ்சினியரால முடியாதா?”

“அவரால முடியும். என்னாலதான் முடியாது. பத்தைத் திறந்தா நாளைக்கு ஆயிரம் பேர் வந்து எனக்கும் திறன்னு நிப்பாங்க. மெஷின்ல இரக்கம் காட்டலாம், செட்டுல காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நானா? எப்போ?”

“டிரெய்னிங் புத்தகத்துல முதல் பக்கம் மாமா. உங்க போட்டோவுக்குக் கீழ.”

அந்த வாரமே போட்டிக் கம்பெனியின் விற்பனை மேலாளரைக் கூப்பிட்டார். எந்த செட்டையும் ஏற்கும் மெஷின் பத்து வேண்டும், சொந்தப் பணம் என்றார். அந்த ஆள் நெகிழ்ந்துபோனார்.

“உங்ககிட்டப் போய் காசு வாங்குவனா சார்? மெஷினை ஃப்ரீயாவே வச்சுக்குங்க. செட்டு மட்டும் எங்ககிட்ட...”

“ஐயோ வேண்டாம்ப்பா,” என்றார் அவர். “விலையைச் சொல்லு.”

மெஷின்கள் வந்து இறங்கின. போட்டிக்காரன் சரக்கை வாங்கியவருக்கு வழியனுப்பு விழாவா என்று மருமகன் அதை நிறுத்திவிட்டார். மகள் போன் செய்தாள்.

“அப்பா, இவர் ரொம்ப வருத்தத்துல இருக்கார்.”

“இருக்கட்டும்மா. மெஷின் அவர்ட்ட வாங்கலையில்ல, வருத்தம் வரத்தான் செய்யும்.”

நர்ஸ் ஸ்டோர் ரூமைக் காலி செய்து இடம் பண்ணியிருந்தார். பழைய நாலும் அசையவில்லை. புதுசுகளில் ஒவ்வொன்றாக மூன்று கம்பெனி செட்டுகளை மாட்டிப் பார்த்தார். எல்லாம் பச்சை விளக்கு. ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

“இன்னும் என்ன சிஸ்டர்?”

“தண்ணி சார். நாலு மெஷினுக்குச் சுத்தம் பண்ற பிளான்ட்தான் இங்க இருக்கு. பதினாலுக்குப் பத்தாது.”

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா! இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“அன்னைக்கே சொல்லியிருந்தா மெஷினும் வந்திருக்காது சார்.”

அவர் நர்ஸை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் இப்படியொரு ஆளை விற்பனைப் பிரிவுக்கு எடுக்கத் தவறியிருக்கிறார்.

“எவ்வளவு ஆகும்?”

நர்ஸ் மேஜை டிராயரை இழுத்தார். மூன்று கம்பெனிகளின் விலைப்பட்டியல் தயாராக இருந்தது. அவர் நடுவிலிருந்ததை எடுத்து, பேரம் பேசாமல், ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் நர்ஸ் புதுப் பத்திரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

“கதவுல எழுத அம்மா பேரைக் குடுங்க சார்.”

அவர் எழுதிக் கொடுத்தார். நர்ஸ் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, வாசலில் எடைக்கு நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.