வால்பாறையில் கீழ்த்தள அறை

“இதுல படி இருக்கே. அடுத்தத தள்ளுங்க,” என்றாள் அஜீசா.

பக்கீர் முகமது கைபேசியைப் படுத்திருந்த மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். கை கடுத்தது. மாற்றிப் பிடித்து, விரலால் விடுதிப் படத்தைத் தள்ளினார். கண்ணாடிச் சுவர் வைத்த மரவீடு ஒன்று வந்தது. கட்டிலை ஒட்டிக் கண்ணாடி, அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம்.

“இதப் பாரு. படுத்துக்கிட்டே மேகத்தப் பாக்கலாம்.”

“பள்ளத்துக்கு மேல தூங்குறதுக்கா அம்புட்டுத் தூரம் போறது? சாப்பாடு எங்கிட்டு?”

“ரூமுக்கே கொண்டாந்து தருவான்.”

“கதவுக்கு வெளிய வச்சுட்டுப் போயிருவான். வேணாம்.”

ஈரல் இனித் தேறாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருச்சி டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அவள் இந்தப் பேச்சை எடுத்தாள். மீமிசலுக்குத் திரும்பும் வழியில், பின் சீட்டில் மகள் நாஜியாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள், “நாம காருலயே மலைக்குப் போய்ட்டு வருவோம்ங்க. மலைன்னு நான் பாத்தது திருமயம் கோட்டைப் பாறைதான்,” என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “போவோம்,” என்று மட்டும் சொன்னார்.

மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது உண்மையில் அவருடைய ஆசை. பாதி ஆயுசை ரியாத்தில் ஒரு மளிகைக்கடைக்குள் கழித்துவிட்டு ஊர் திரும்பியதும், அவர் முதலில் வாங்கியது அந்தப் பழைய காரைத்தான். ஒரு வருசம் மகளின் கல்யாணம், அடுத்த வருசம் அவளுடைய பிரசவம், அப்புறம் அஜீசாவின் வயிற்றுவலி. கார் புதுக்கோட்டையைத் தாண்டியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஆசையாகப் பேசுகிறாள், பேசட்டும் என்று அவரும் ஒத்துப் பேசினார். கொடைக்கானல், மூணாறு, வால்பாறை என்று வழி போட்டார்கள். தினமும் காலையில் கஞ்சி குடித்ததும் இதுதான் வேலை. ஏரியைப் பார்த்த அறையை அவர் காட்டினால், அவள் கடைத்தெருவுக்குள் ஒரு லாட்ஜைப் பிடித்தாள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பங்களாவை அவர் காட்டினால், மெஸ் நடத்துகிற ஓர் அம்மாவின் வீட்டோடு ஒட்டிய அறை போதும் என்றாள். சத்தம் இல்லாத இடத்தில் இவளால் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். எழுந்து உட்காரக்கூட முடியாதவள் படியைப் பற்றிக் கவலைப்படுவதை எண்ணி ஒருநாள் கிணற்றடியில் போய் அழுதுவிட்டு வந்தார். என்றாலும், கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இருவரும் இவ்வளவு பேசியது இந்த நாட்களில்தான். சண்டைகூடப் போட்டார்கள்.

வால்பாறை மட்டும் பாக்கி. சுண்ணாம்பு அடித்த பழைய வீடு ஒன்றின் படம் வந்ததும், “நிறுத்துங்க,” என்றாள். “இது கீழ்வீடுதான? நம்பரப் போட்டுக் குடுங்க, நானே பேசுறேன்.”

“நீ எதுக்குச் சிரமப்படுற? நான் கேக்குறேன்.”

“ஒங்களுக்குக் கேக்கத் தெரியாது. நீங்க போயி எனக்கு ஒரு எளநி வெட்டிட்டு வாங்க.”

அவர் இளநீரோடு திரும்பியபோது கைபேசி அவள் நெஞ்சின்மேல் கிடந்தது. முகத்தில் பழைய களை வந்திருந்தது.

“பேசிட்டேன். மரியசெல்வம்னு ஒருத்தரு. நல்ல மனுசன்.”

“என்ன சொன்னாரு?”

“வரச் சொன்னாரு.”

கரண்டியால் இரண்டு வாய் இளநீர் வாங்கிக்கொண்டாள். போதும் என்று தலையசைத்துக் கண்ணை மூடினாள். “வால்பாறைக்கு வழி சொல்லுங்க,” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். பொள்ளாச்சி வரைக்கும் தென்னந்தோப்பு. ஆழியாறு அணை தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு ரோட்டோரம் வரையாடு நிற்கும்.

“ஆடா?”

“காட்டு ஆடு. வண்டி வந்தாலும் ஒதுங்காதாம்.”

“அப்ப மெல்ல ஓட்டுங்க.”

அவரும் மெல்லத்தான் சொன்னார். ஒவ்வொரு வளைவாகத் திரும்பி, கீழே அணை ஒரு தட்டு மாதிரி சிறுத்துப்போவதைச் சொன்னார். காற்று குளிர்வதைச் சொன்னார். அவர் கைக்குள் இருந்த விரல்கள் எந்த வளைவில் தளர்ந்தன என்று தெரியவில்லை. துணியைக் காயப்போட்டுவிட்டு வந்த நாஜியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அத்தா, அம்மாவப் பாருங்க.”

அவர் பார்த்தார். நாஜியா ஓடிவந்து காதோரம் குனிந்து கலிமா சொன்னாள். அவர் அஜீசாவின் இமைகளை நீவிவிட்டார். நண்பகல் லுஹர் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெண்கள் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தினார்கள். மாலை அசர் தொழுகைக்குப் பின் ஜனாஸா தொழவைத்து மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். கடல்காற்று மண்ணை முகத்தில் அடித்தது. அவர் மூன்று பிடி மண் போட்டார். “பேசிக்கிட்டே போயிருச்சாமே. நல்ல மவுத்து,” என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான் என்று அவருக்கும் தோன்றியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டு மணிமேகலை சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாஜியா தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

கைபேசி அடித்தது. துக்கம் விசாரிக்கிறவர்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

“ஐயா, வால்பாறைலருந்து மரியசெல்வம் பேசறேனுங்க. காலைல உங்க வீட்டம்மா பேசுனாங்க. கீழ ரூம ஒழிச்சு வச்சிருக்கேன். ரெண்டு கட்டில் கெடந்துச்சு, ஒண்ண எடுத்துட்டு ஒரு சாய்வு நாற்காலி போட்டுட்டேன். நீங்க ஒருத்தர்தானுங்களே வர்றீங்க?”

பக்கீர் முகமது கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அலோ?”

“சொல்லுங்க.”

“உங்களுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது, பள்ளிவாசல் நடக்கற தூரத்துல இருக்கணும்னாங்க. இங்க பாங்கு சத்தமே கேக்குமுங்க. அப்பறம், அவரு தனியா ஒக்காந்தாச் சாப்புட மாட்டாரு, உங்க வீட்டு ஆளுகளோட சேத்து உக்கார வச்சிருங்கன்னு சொன்னாங்க. அதுக்கென்னங்க, நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புடறது. எப்ப வர்றீங்கன்னு மட்டும் சொல்லலீங்க.”

முற்றத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். மலைக்குப் போவோம் என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே போகிறோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“அங்கிட்டு மழையா?” என்று கேட்டார்.

“நல்ல மழைங்க.”

“விட்டதும் வாரேன்.”

போனை வைத்தார். “கள்ளி,” என்றார், யாருக்கும் கேட்காமல். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“யாரு அத்தா?”

“வால்பாறை ரூம்காரரு.”

நாஜியாவுக்கு முகம் சுருங்கியது. “நான் பேசிக் கேன்சல் பண்ணிரவா?”

“வேணாம்மா. இருக்கட்டும்.”

பாயில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சோறு ஆறியிருந்தது. ரசத்தை ஊற்றிப் பிசைந்தவர், கையை நிறுத்திவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீயும் காலைலேருந்து ஒண்ணும் சாப்புடலயே. ஒரு தட்டு எடுத்துட்டு வா.”

நாஜியா தட்டோடு வந்து பக்கத்தில் உட்காரும்வரை அவர் காத்திருந்தார்.