கோணல் வளைகோட்டுக்கு ஒரு படம்

வழவழப்பான வளைகோடுகளைப் பற்றி நிரூபிக்க வேண்டியதையெல்லாம் முன்னோர்கள் நிரூபித்து முடித்துவிட்டார்கள். எங்கும் முனை முறியாமல், தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் ஓடும் நல்ல பிள்ளைகள் அவை. பேராசிரியர் கைவைத்தது அடங்காப்பிடாரிகளில்: முடிச்சு விழுந்தவை, கொக்கிபோல் கூர்த்தவை. பழைய தேற்றம் ஒன்று இந்தக் கோணல்களுக்கும் செல்லும் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒருவழியாக நிரூபித்தும்விட்டார். நிரூபணம் முரண்டு பிடித்த இடத்திலெல்லாம் ஒரு நிபந்தனையைச் சொருகினார். மொத்தம் ஐந்து. இன்று மதியம் துறையில் அதைப் பற்றி உரை. பதவி உயர்வுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அதே கல்லூரியில் கணினி கற்பிக்கும் மனைவி, சாப்பாட்டு மேசையில் உரைக்கான பக்கங்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, முதல் பக்கம் மொட்டையா இருக்கு. ஒரு கோணல் கோட்டோட சமன்பாடு சொல்லுங்க, படம் போட்டுடறேன்."

"அதுக்கா பஞ்சம்?" என்று முடிச்சு விழுந்த ஒன்றைச் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், "இரு, இரு, இது ரெண்டாவது நிபந்தனைல அடிபடுது."

கூர்முனைக்காரனைக் கூப்பிட்டார். அது நான்காவதில் விழுந்தது. மூன்று கிளைகள் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்வதை அழைத்தார். அது வாசற்படியே ஏறவில்லை.

"உங்க அக்கா பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடின கதையால்ல இருக்கு!"

அவர் சிரிக்கவில்லை. ஐந்து நிபந்தனைகளையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டார். சாப்பாடு ஆறிப்போனது. ஐந்தையும் தாங்கும் வளைகோட்டில் கோணலே இருக்க முடியாது! கோணல்களுக்கென்று அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் குடியிருந்தவை அதே பழைய நல்ல பிள்ளைகள்தான். முன்னோர்கள் நிரூபித்ததையே இன்னும் நீளமாக நிரூபித்திருந்தார்.

"அப்ப உங்க தேற்றம் பொய்யா?"

"சத்தியமா உண்மை. யாரைப் பத்தியும் இல்ல, அவ்வளவுதான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"படிச்சுப் பாத்த ரெண்டு பேரும் பிரமாதம்னாங்க."

"அப்ப இதப் பத்தி மூச்சு விடாம, உரைய மட்டும் பேசிட்டு வந்துடுங்க."

அவர் மனசு ஒரு கணம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது. அவர் முகத்தைப் பார்த்த அவளுக்கு, அது அங்கேயே நிற்காது என்று தெரிந்துவிட்டது.

"சரி, அந்த ரெண்டாவத தூக்கிட்டா?"

"தேற்றம் தப்பாயிடும்."

"எவ்வளவு தப்பு?"

இப்படியொரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. போட்டுப் பார்த்தார். ஒரு முடிச்சு இருந்தால் விடையில் ஒன்று கூடுதலாக வந்தது. இரண்டு இருந்தால் இரண்டு. முடிச்சைத் துரத்தியிருக்கவே வேண்டாம். எண்ணிக் கழித்திருந்தால் போதும் போலிருந்தது. ஆனால் அதை நிரூபிக்க இப்போது நேரம் இல்லை.

உரையின் முதல் பக்கத்தில் முடிச்சு விழுந்த கோடு கம்பீரமாக நின்றது. "என் தேற்றம் சரிதான். ஆனா அதுக்குள்ள ஆளே இல்ல" என்று ஆரம்பித்தார். பிறகு தன் ஊகத்தைச் சொன்னார்.

துறைத்தலைவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "சார், நிரூபிச்சது காலி. காலியா இல்லாதத நீங்க நிரூபிக்கல. நான் எதுக்கு உயர்வு குடுக்கறது, நீங்களே சொல்லுங்க?"

தாழ்வாரத்தில் மனைவி காத்திருந்தாள்.

"குடுத்தாங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன சிரிப்பு?"

"தலைவர் அறிவுரை சொல்லிட்டிருந்தப்ப மூணு முடிச்சு போட்டுப் பாத்தேன். அதுவும் சரியா வருது."