பார்த்தவர்கள்

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத்தின் காவலாளி ஞானசேகரனைக் கேட் முன்னால் காரில் வந்த இருவர் குத்திக் கொன்றபோது காலை மணி எட்டரை. பதிவேட்டில் பெயர் எழுதாமல் காரை உள்ளே விடமாட்டேன் என்றார், அவ்வளவுதான். ஆபீஸ் வண்டிகளுக்காக இருபது பேராவது அங்கே நின்றிருந்தார்கள். கேட் கேமரா ஒரு மாதமாகப் பழுது.

மூன்றாம் நாள் இரங்கல் கூட்டத்தில் உட்கார இடமில்லை. பூங்காவுக்கு ஞானசேகரன் பெயரை வைப்பதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் டிரேவர் அறிவித்தார். பலர் அழுதார்கள்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த ஞானசேகரனின் மனைவி ஆரோக்கியமேரி எழுந்தாள்.

"பேரெல்லாம் வேணாங்க. போலீஸ் புடிச்ச ரெண்டு பேரும் 'நாங்க இல்ல'ன்றானுங்களாம். பாத்தவங்க யாருனா ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க."

யாரும் நிமிரவில்லை.

"நான் பாத்தேன்" என்றாள் அங்கே குடியிருக்கும் நிருபமா. "ஆனா ஏழாவது மாடியிலேருந்து. முகம் தெரியலை."

அன்று மாலையிலிருந்து அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவருக்கு விசா இன்டர்வியூ. ஒருத்தியின் கணவர் ஊரில் இல்லை. கேட்டருகே நின்றிருந்த இளைஞன், "நான் போன் பாத்துட்டிருந்தேன்" என்று கதவைச் சாத்தினான்.

"அசோசியேஷன் இதுல தலையிட முடியாதும்மா. மெழுகுவர்த்தி ஏத்துனோமே" என்றார் டிரேவர்.

"மெழுகுவர்த்தி கோர்ட்ல வந்து பேசுமா சார்?"

எரிச்சலோடு படியிறங்கியவளைத் துப்புரவு வேலை செய்யும் ஆஷா நிறுத்தினாள்.

"எல்லார் வூட்டுக்கும் போனீங்க. என்னை ஏன் மேடம் கேக்கலை? பக்கத்துல பெருக்கிட்டிருந்தவளே நான்தான்."

"இப்போ கேக்கறேன். வருவியா ஆஷா?" என்றாள் நிருபமா.

"தனியா வர பயம் மேடம். இஸ்திரிக்காரர் முனியப்பனும் பாத்தாரு, ரெண்டு டிரைவருங்களும் பாத்தாங்க. சேந்து போனா வர்றோம்."

மறுநாள் ஐந்து பேரும் மேரியோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். மதியம்வரை உட்கார வைத்தார்கள். அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். முனியப்பன் இஸ்திரி போட வேண்டிய துணிகள் அப்படியே கிடந்தன. இனி யாரும் வரமாட்டார்கள் என்றே நிருபமா நினைத்தாள்.

காலையில் நால்வரும் கேட்டில் நின்றிருந்தார்கள். டிரேவர் தன் பெரிய வண்டியைக் கொண்டுவந்தார்.

"நீங்களும் பாத்தீங்கதானே சார்?" என்றாள் நிருபமா.

அவர் வண்டியைக் கிளப்பினார். ஸ்டேஷன் வந்ததும் இறங்கவும் இல்லை.

மூன்று மணிக்குள் எல்லோருடைய வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார்கள். ஆஷா தடுமாறாமல் சொன்னாள். வெளியே வந்ததும் மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையிலேருந்து ஒண்ணும் துன்னலையே நீ" என்றாள்.

எதிர்க் கடையில் ஆறு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நிருபமாவின் கோபம் மட்டும் அடங்கவில்லை. அடுக்ககத்தில் நூற்றிருபது வீடுகள்; அவளைத் தவிர ஒருவரும் வரவில்லை.