தொண்ணூற்றாறு புள்ளி அகலம்

ஸ்டாக்ஹோமிலிருந்து கிருபாசங்கர் அனுப்பியிருந்த மின்னஞ்சலை பிரவீனா மூன்றாவது முறையாகப் படித்தாள். அவன் புதிதாக வாங்கியிருக்கும் செல்போனில் இணையப் பக்கங்களைப் பார்க்க முடிகிறதாம். ஆனால் அதற்கென்றே எழுதிய பக்கங்கள்தான் திறக்குமாம். காங்கேயத்தில் அவனுடைய அப்பா பாலுசாமி நடத்தும் எண்ணெய் மில்லின் பக்கத்தையும் அப்படி எழுதித் தர வேண்டும். “எண்ணெய் விலை, கொப்பரை விலை, டெலிபோன் நம்பர் போதும். இப்ப பக்கத்தில் இருக்கிற அம்மா படம் வேண்டாம்” என்று கடிதம் முடிந்திருந்தது.

அது 1999 டிசம்பர். கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில், இணையப் பக்கங்கள் எழுதித் தர நான்கு கம்ப்யூட்டர்களோடு நடந்த அந்த அலுவலகத்தில் யாருமே அப்படியொரு போனைக் கண்ணால் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் திரையில் போனின் படம் ஒன்று வரும். அதன் பொத்தான்களை மௌஸால் அழுத்தி, இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டும். நான்கைந்து வரிதான் இடம். இரண்டு நாளாக பிரவீனாவுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சுருங்கிக்கொண்டே வந்தது. போத்தனூரிலிருந்து வரும் ரயிலின் ஜன்னலில் நகர்ந்துபோன டாக்டர் வீட்டுப் பலகையில் பட்டங்களை அழித்துவிட்டுப் பேரையும் நேரத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தாள். எதிர் சீட்டுக்காரரின் சளசளப்பில்கூட ஒரு வரிதான் மிஞ்சியது. உலகம் லேசாகி, மிதப்பது போல இருந்தது.

விலை கேட்க பாலுசாமிக்குப் போன் செய்தபோது அம்மா படத்தை நீக்கப்போவதையும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே அவர் பஸ் ஏறி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. அவளுக்குப் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க அம்மணி, காளியாத்தாள் ஆயில் மில்லுனு எஞ் சம்சாரம் பேருதான் இருக்குது, காளியாத்தாளத் தூக்கிப்போட்டா எப்படீங்க?”

“நான் தூக்கலீங்க. அந்தப் போன்ல கலரே வராதுங்க. கறுப்புப் புள்ளி இருக்கும், இல்லாட்டி இருக்காது. அகலத்துக்குத் தொண்ணூத்தாறு, உசரத்துக்கு அறுபத்தஞ்சு. அதுக்குள்ள விலையும் வரணும். உங்க பையனும் வேண்டாம்னுட்டாருங்க.”

“அவன் அம்மா காரியத்துக்கு வந்தவன், மூணாம் நாளே போயிட்டான். அப்புறம் அவ பேச்ச எடுத்தாலே வேற பேசறானுங்க.” அவர் திரையை நோக்கிக் குனிந்தார். “எத்தன புள்ளி மிச்சமிருக்குதுங்க?”

முதலாளி நரசிம்மலு வெளியே போயிருந்தார். சொன்னதை மட்டும் செய் என்று அவர் சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு நினைவிருந்தது. ஆனாலும் மேலே நாற்பதுக்கு முப்பதில் ஒரு கட்டம் ஒதுக்கி, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த அந்தப் படத்தைப் புள்ளிகளாக மாற்றினாள். கரி பூசியது போல ஒரு திட்டுதான் வந்தது. “இது அவ இல்லீங்க” என்றார். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாக எடுக்க ஆரம்பித்தாள். கன்னத்து நிழல் போனது. உதட்டுக்குக் கீழே இருந்தவை போயின. அவர் விரலால் காட்டினார், அவள் அழித்தாள். மூக்குத்திகளுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி விட்டால் போதும் என்றார். “சிரிப்ப எடுத்துப்போடுங்க, போட்டோவுக்காகச் சிரிச்சது அது.” மத்தியானச் சோறு மறந்துபோயிற்று. கீழே டவுன் பஸ்களின் ஹாரன் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்டது. எடுக்க எடுக்க, முன்பின் பார்த்தறியாத ஒரு பெண் தன்னருகே வந்துகொண்டிருப்பதாக பிரவீனாவுக்குத் தோன்றியது. கடைசியில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. நடுவகிடு, இரண்டு மூக்குத்தி, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியது போலச் சாய்ந்த கழுத்து.

“போதுங்க” என்றார் பாலுசாமி. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

படத்தோடே பக்கத்தை ஏற்றினாள். அவர் போன பிறகுதான் பயம் வந்தது. வெள்ளிக்கிழமை ஸ்டாக்ஹோம் வியாபாரி ஒருவரிடம் கிருபாசங்கர் பக்கத்தைக் காட்டப்போகிறான். கோபப்பட்டு வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டால் நரசிம்மலு அவளைத்தான் கேட்பார்.

அடுத்த நாள் மாலை ஏழு மணிக்கு அலுவலகப் போன் அடித்தது. கிருபாசங்கர்தான். ஆபீஸ் போனிலிருந்து பேசுவதாகவும், செல்போன் கையில் இருப்பதாகவும் சொன்னான்.

“விலையெல்லாம் சரியா வருதுங்க. சீக்கிரமாவும் வருது. மேல என்னமோ...” நிறுத்தினான்.

“வேண்டாம்னா இப்பவே எடுத்தர்றேனுங்க.”

வெகுதூரத்தில் ஒரு கதவு சாத்தும் சத்தம்.

“அப்பா வந்திருந்தாருங்களா?”

“ஆமாங்க. சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்தாருங்க.”

“இங்க மணி ரெண்டரைதானுங்க ஆகுது. அதுக்குள்ள இருட்டிட்டு வருது. நான் இன்னும் லைட்டுப் போடலீங்க.”

அவள் காத்திருந்தாள். இணைப்பில் மெல்ல ஒரு பொத்தான் ஒலித்தது. தொடாமல் விட்டால் சில விநாடிகளில் அந்தப் போனின் வெளிச்சம் அணைந்துவிடும் என்று கையேட்டில் அவள் படித்திருந்தாள். விநாடிகள் நகர்ந்தன. மறுபடி அந்தப் பொத்தானின் ஒலி. பிரவீனா ரிசீவரை வைக்காமல், அடுத்த ஒலி வரும்வரை மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நின்றாள்.