மீசை அழித்த பிறகு

நான்கு இருபதுக்கு மீசை காய்ந்தது. கீதா ஐலைனரால் வரைந்தது. அதுவரை இசக்கிசெல்வி உதட்டை அசைக்கவில்லை.

தாராவி சங்க ஹாலில் பொங்கல் விழா ஒத்திகை. வயசுப் பையனும் பெண்ணும் மேடையில் ஜோடியாக நிற்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆனால் காதல் காட்சி எல்லோருக்கும் வேண்டும். அதனால் ஹீரோவும் பெண்தான். பெண்ணும் பெண்ணும் கையைப் பிடித்தால் யாருக்கும் கவலையில்லை. இசக்கிசெல்வியின் அம்மாவே அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

காட்சி ஒரு காலேஜ் படத்திலிருந்து எடுத்தது. அவள் ரயிலுக்குப் போகிறாள். அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறான். "என்னை லவ் பண்றியா?" அவள் இரண்டு முறை உதறுகிறாள். அவன் விடுவதில்லை. அவள் சிரித்துவிடுகிறாள்.

இசக்கிசெல்வி பிடித்தாள். கீதா உதறினாள். இசக்கிசெல்வி விட்டுவிட்டாள்.

"ஏட்டி, விடாத!" என்று கத்தினார் சங்கச் செயலாளர் நெல்லையப்பன். பகலில் தோல்பை தைக்கும் பட்டறை, விழா வந்தால் டைரக்டர்.

மறுபடியும் உதறல். கை தானாகத் திறந்துகொண்டது.

"அவ உதறுதா மாமா."

"உதறத்தான் செய்வா. பொம்பளப் பிள்ள சும்மா உதறும். ஆம்பிள மாதிரி பிடி. தக்காளியா பொறுக்குத?"

பெண்கள் சிரித்தார்கள். கீதாவும்.

ஆறாவது முறையும் விட்டாள்.

"நாளைக்கும் இப்படின்னா பொன்செல்விதான் ஹீரோ. அவ பிடிச்சா ரோட்டுல ஓடுற பெஸ்ட் பஸ்ஸே நிக்கும்."

"நான் ரெடி மாமா" என்று பொன்செல்வி கையை முறுக்கிக் காட்டினாள்.

இசக்கிசெல்வி அந்தப் படத்தை போனில் நான்கு முறை பார்த்திருந்தாள். தான் அதில் எங்கே இருக்கிறோம் என்று தேடினாள். கீதாவின் இடத்தில் நிற்க ஆசையில்லை. ஹீரோவைப் போலப் பிடிக்கவும் வரவில்லை. ஹீரோவின் நண்பன் ஒருவன் இடுப்பை நெளித்து நடப்பான். இன்னொரு பையனைப் பார்த்துக் கண்ணடிப்பான். அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். ஏன் என்று இப்போது தெரியவில்லை.

கீதாவும் அவளும் ஒரே சால் குடியிருப்பு, ஒரே காலேஜ், பி.காம். இரண்டாம் வருடம். ஆனால் அந்த லவ் கேள்வியை மேடையில் மட்டும்தான் கேட்க முடியும். நாளையும் கையை விட்டால் அதையும் பொன்செல்வி கேட்பாள்.

ஹாலுக்குப் பின்னால் குழாயடி. கீதா கர்ச்சீப்பில் தேங்காயெண்ணெய் தொட்டு மீசையை அழித்தாள். இன்னொரு கை இசக்கிசெல்வியின் தாடையைப் பிடித்திருந்தது.

"ஆடாத. ஏன்ட்டி விட்டு விட்டுப் போடுத?"

"வலிக்கும்லா."

"அரே, ஆக்டிங் தான."

"நெசமாவே போணும்னு உதறினா?"

"பாகல், கிறுக்கி. அது எப்படித் தெரியும்?"

"தெரியலல்லா. அதான் விட்டுருதேன்."

கீதா துடைப்பதை நிறுத்தினாள். கர்ச்சீப் கறுத்திருந்தது. இசக்கிசெல்வி அவள் மணிக்கட்டைத் தொட்டாள். மேடையில் தொடும் அதே இடம். அழுத்தவில்லை.

"என்னை லவ் பண்றியா?"

கீதா உதறவில்லை. சிரிக்க வேண்டிய இடம் வந்தது. பாதி சிரித்தாள். பிறகு இசக்கிசெல்வியின் மேலுதட்டைப் பார்த்தாள். எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் இருந்தது.

"ஏட்டி, மீசையத்தான் அழிச்சாச்சே. இப்ப கேட்டது யாரு?"