ஆறு மணித்தியாலம் மடக்கக் கூடாத கால்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. "அக்கா சொல்பேச்சு கேக்காம எந்திரிச்சிட்டா" என்றுதான் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மூன்று தடவை அப்படியே எழுதியும் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: 'கொஸ்லந்தயில் நாற்பது வருடம் கொழுந்து பறித்த விஜயலெட்சுமியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போனது. நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை ஏற்றி...'

(விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது.)

2

ஆனாலும் அது உங்களுக்குத் தெரிய வேண்டும். கொழும்பு டாக்டர்கள் அக்காவின் வால்வைவிடத் தொடையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். எந்தப் பக்கக் குழாய் அகலம் என்று ஸ்கேனில் அளந்து வலது பக்கம் குத்தினார்கள். முடிந்ததும் துளையைத் தைத்து மூடினார்கள்.

தாதி ஷஹீலா பதுளைக்காரர். "ஆறு மணித்தியாலம் கால மடக்கக் கூடாது, தலையையும் தூக்கக் கூடாது. உள்ளுக்கு ரத்தம் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க" என்றார்.

பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்.

3

இங்கே ஒரு நினைவு குறுக்கே வருகிறது. தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், லயத்து வீட்டு வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பா சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். அம்மா, அக்கா, நான், எல்லோரும் வரிசையாக நிற்போம். அக்கா என் காற்சட்டையை இழுத்துச் சரிசெய்வாள். அந்த வரிசைக்காக இன்றும் மனது ஏங்குகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.*

* இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வருகிறது.

4

நான்காம் மணித்தியாலம் பெரிய டாக்டர் வார்டுக்குள் வந்தார். அக்கா எழுந்தாள்.

(இல்லை. இந்த வரியைத்தான் மூன்று தடவையும் எழுதினேன்.)

நான் எழுந்தேன். அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற வாத்தியார், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முழங்காலை மடக்கி, கையை ஊன்றி...

கட்டு சிவந்தது. தொடையடி வீங்கியது. ஷஹீலா ஓடிவந்து இரண்டு கைகளாலும் இருபத்தைந்து நிமிடம் அமுக்கிப் பிடித்தார். டாக்டர் மறுபடியும் ஸ்கேன் பார்த்தார். இரத்தம் நின்றிருந்தது.

"இன்னொரு தடவ கசிஞ்சா கீறித்தான் தைக்கணுமாம். இந்த வயசுல தாங்குவாங்களோ தெரியாதாம். இப்ப இருந்து திரும்ப ஆறு மணித்தியாலம்" என்றார் ஷஹீலா.

அவர் போனதும் கேட்டேன். "ஏன்க்கா எந்திரிச்ச?"

"நீ நின்னியேப்பா."

5

முடிவு எனக்குத் தெரியும். ஆனால் எழுத வரவில்லை.

அந்த இரண்டாவது ஆறு மணித்தியாலம் முடியுமுன்பே, வராந்தாவில் டாக்டரின் சப்பாத்துச் சத்தம் மறுபடியும் கேட்கிறது. அக்காவின் கண் கதவில் இல்லை, என்மேல் இருக்கிறது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், வீட்டு மேசையில் தனியாக எழுதிக்கொண்டிருக்கும்போதும், என் முழங்கால் தானாக நிமிர்கிறது.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். என்னை மட்டும் நாற்காலியிலிருந்து எழவிடாதீர்கள்.