ஓடைக்கரையில் ரெதி ஹொரா

ஓடையில் ஆட்கள் குளிப்பதைக் கவனிக்காமல் நான் "ரெதி ஹொரா! ரெதி ஹொரா!" என்று கத்தியதுதான் பிழை. நீண்ட வெள்ளை வாலோடு கிளைக்குக் கிளை தாவும் அந்தக் குருவிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அர்த்தம், துணித் திருடன். குளித்தவர்கள் அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் கரையில் கிடந்த துணிகளைப் பாய்ந்து அள்ளினார்கள். ஒரு பெரியவர் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு, கண்ணைத் திறக்க முடியாமல், விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்லவேளை, எனக்குப் பக்கத்திலிருந்த மரத்தை அடித்தார். அந்த அமளியில் யாருடைய சேலையோ தண்ணீரோடு போனது. குருவியும் போனது.

மாத்தளையில் புடவைக் கடையில் துணி அளந்து கிழிப்பது என் தொழில். ஞாயிறு விடுமுறையை, நிலாக் கணக்கில் வரும் பௌத்தர்களின் போயா நாளுக்கு மாற்றியிருந்த அந்த வருஷங்களில், போயா தவறாமல் யாருக்காவது குருவி காட்டுவது என் பைத்தியம். அன்றைக்கு என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். இரத்தோட்டை சவரியம்மா அக்கா. கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவருடைய தங்கை மரிய கொறற்றி டீச்சர். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, டீச்சரிடம், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தேன். "பாப்போம்" என்றார். காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். குக்குறுவான், மீன்கொத்தி, மாங்குயில் எல்லாம் தென்பட்டன. பதிலைத்தான் காணோம்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேலையைப் பிடித்து வந்து கொடுத்தேன்.

"ஏன் நோபர்ட், கடையில விக்கிறது போதாதுன்னு இங்கயும் யாவாரமா?" என்றார் அக்கா.

குருவி விஷயத்தைச் சிங்களத்தில் விளக்கினேன். பெரியவர் கண்ணைக் கழுவிக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டுக் கட்டையைக் கீழே போட்டார். அக்கா அந்தப் பெண்களோடு கதைக்கப் போய்விட்டார். பாறையில் உட்கார்ந்து டீச்சர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"துணித் திருடனுக்கு உங்க வீட்டுல பொண்ணு குடுப்பாங்களா டீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை. "நத்தாருக்கும் இப்படித்தான், வாய் நிறைய கேக்கை வச்சுக்கிட்டுக் கேட்டீங்க. நான் சரின்னு சொல்லி, நீங்க 'சும்மா பகிடிக்குக் கேட்டேன்'னு சொன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறது?"

இதற்கும் ஒரு பகிடி நாக்கு நுனியில் இருந்தது. தேத்தண்ணியோடு விழுங்கினேன். காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பீரத்துக்கு வழியில்லை.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு ஆசை. மெய்யாத்தான் கேக்குறேன். சம்மதமா, இல்லையா?"

டீச்சர் குருவி பார்க்கக் கழுத்தில் மாட்டியிருந்த தூரக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சம்மதம். அடுத்த கிழமை தவக்காலம் தொடங்குது, இப்ப முடியாது. ஈஸ்டர் கழிஞ்சதும் கோயில்ல நம்ம கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி சாமியார்கிட்ட பேசுங்க."